உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்சேஞ்ச் வயரின் நுனியில்...

தொலைபேசி என்றதும் கிரஹாம் பெல்லைச் சொல்வோம். எக்ஸ்சேஞ்ச் என்றதும் உள்ளே இருக்கும் எந்திரத்தைச் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற வயரையும், அதன் நுனியில் இருக்கும் பிளக்கையும் யாரும் சீண்டுவதில்லை, பழுதாகிற நாள் வரை. இந்த வாரம் அந்த நுனிகளைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

★

உலகின் முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் திறந்தது. சந்தாதாரர்கள் 21 பேர். ஸ்விட்ச்போர்டு என்ற சாமான் அப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் ஜார்ஜ் காய் என்பவர் கைக்கு அகப்பட்டதை வைத்தே ஒன்றைச் செய்துவிட்டார்: குதிரை வண்டிக்குப் போடும் போல்ட், டீ பாத்திர மூடியின் குமிழ், பெண்களின் பாவாடையை விறைப்பாக நிறுத்த அந்தக் காலத்தில் வைத்துத் தைத்த கம்பி. பாவாடைக் கம்பி வழியாகத்தான் ஊர்க்கதை போய் வந்திருக்கிறது!

சரியாக நான்கு ஆண்டு கழித்து, 1882-ல் அதே ஜனவரி 28 அன்று, இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் எக்ஸ்சேஞ்சுகள் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டன. நடத்தியது இங்கிலாந்தின் ஓரியன்டல் டெலிபோன் கம்பெனி.

★

கித்தாரை ஆம்ப்ளிஃபையரில் செருகுகிறார்களே, அந்தக் கால் அங்குலப் பிளக், அதாவது 6.35 மில்லிமீட்டர், இசைக்காகப் பிறந்ததே அல்ல. ஸ்விட்ச்போர்டு ஆபரேட்டர்கள் ஒரு லைனை இன்னொரு லைனோடு இணைக்கச் செருகிய பிளக்கின் வாரிசு அது. நாம் காதில் மாட்டும் ஹெட்போனின் 3.5 மில்லிமீட்டர் பின் அதன் பேரப்பிள்ளை.

அந்தப் பிளக்கின் கூர்முனைக்கு 'டிப்' என்று பெயர், அதற்குப் பின்னால் உள்ள வளையத்துக்கு 'ரிங்'. ஒரு தொலைபேசி லைனின் இரண்டு கம்பிகளை இன்றைக்கும் டிப், ரிங் என்றே சொல்கிறார்கள். 'ரிங்' என்பது மணி அடிப்பதைக் குறிக்கிறது என்று நெடுநாள் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறும் வளையம்தான்.

★

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1887-ல் ஒரு தொலைபேசிக் கோபுரம் எழுந்தது. ஊரில் உள்ள சுமார் 5,000 லைன்களும் தனித்தனிக் கம்பியாக வானத்தில் ஓடிவந்து அந்த ஒரே கோபுரத்தில் இறங்கின. பழைய புகைப்படத்தைப் பார்த்தால் நகரத்துக்கே சிலந்தி வலை கட்டியதுபோல இருக்கும். 1913-க்குள் லைன்கள் மண்ணுக்கடியில் போய்விட்டன. வேலை போன கோபுரம் பிற்பாடு ஒரு பெரிய அங்காடியின் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு நின்றது. 1952-ல் தீப்பிடித்தது, அடுத்த ஆண்டு இடித்துவிட்டார்கள்.

★

இரண்டு வயரை ஏன் சடைபோல முறுக்குகிறார்கள்? அழகுக்காக அல்ல. அருகில் உள்ள மின்கம்பியின் இரைச்சல் இரண்டு வயரிலும் சம அளவு ஏறட்டும் என்பதற்காக. முறுக்கிவிட்டால் ஒரு தடவை இந்த வயர் பக்கத்தில், அடுத்த தடவை அந்த வயர் பக்கத்தில் என்று மாறிமாறி வரும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். இதற்கு 1881-லேயே பேடன்ட் வாங்கியவர் சாட்சாத் பெல்தான்.

வீட்டில் வீணாய்க் கிடக்கும் லேன் கேபிள் துண்டு ஒன்று இருந்தால் அரை அடிக்குத் தோலை உரித்துப் பாருங்கள். நான்கு ஜோடியிலும் முறுக்கு ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் நெருக்கமாக, ஒன்றில் தளர்வாக. ஒரே அளவில் முறுக்கினால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

★

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம். 25 ஜோடி, அதாவது 50 வயர் உள்ள ஒரு கேபிள். எந்த வயரிலும் எண் எழுதவில்லை. ஆனாலும் குழிக்குள் குனிந்திருக்கும் ஜாயின்டர் கைவிளக்கு வெளிச்சத்தில் 'பதினேழாம் ஜோடி' என்று சட்டென்று இழுத்து எடுக்கிறார். எப்படி?

மொத்தம் பத்தே நிறம். தலைமை நிறங்கள் ஐந்து: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. துணை நிறங்கள் ஐந்து: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளையோடு ஐந்து துணையும் வரிசையாகச் சேர்ந்தால் 1 முதல் 5. சிவப்போடு சேர்ந்தால் 6 முதல் 10. இப்படியே போனால் மஞ்சளுக்கு 16 முதல் 20. ஆகவே பதினேழு என்பது மஞ்சள்-ஆரஞ்சு. ஐயைந்து இருபத்தைந்து, கணக்கு முடிந்தது.

100 ஜோடிக் கேபிளானால்? 25 ஜோடிக்கு ஒரு கட்டு. அந்தக் கட்டைச் சுற்றும் நாடாவுக்கும் இதே நிற வரிசைதான்: முதல் கட்டுக்கு வெள்ளை-நீலம், இரண்டாவதுக்கு வெள்ளை-ஆரஞ்சு. 37-ஆம் ஜோடி வேண்டுமா? 25 போனால் மிச்சம் 12. வெள்ளை-ஆரஞ்சு நாடாக் கட்டைப் பிரித்து, கறுப்பு-ஆரஞ்சு ஜோடியை எடுக்க வேண்டியதுதான். இந்த முறையில் 24 கட்டு, 600 ஜோடி வரை எண்ணே எழுதாமல் எண்ணலாம். நிறக்குருடு உள்ளவருக்கு மட்டும் இந்த வேலை பெரும்பாடு.

★

அந்த 25 ஜோடியும் ஒரே பிளக்கில் போய் உட்காரும் ஒரு கனெக்டர் உண்டு. 50 பின், விரல் நீளம், இரண்டு வரிசை. ஊழியர்கள் அதை 'ஆம்ஃபினால்' என்பார்கள். உண்மையில் அது 1932-ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனியின் பெயர், ஜெராக்ஸ் போலப் பொருளுக்கே ஆகிவந்துவிட்டது. இதே குடும்பத்து 36 பின் தம்பியை நாற்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் முதுகில், இரு பக்கமும் கம்பிக் கொக்கி போட்டு இறுக்குவோமே, அதேதான்.

★

எக்ஸ்சேஞ்சில் எந்திரத்தைவிடப் பார்க்க வேண்டிய இடம் எம்.டி.எஃப். என்கிற பிரதான விநியோகச் சட்டகம். ஆளுயரத்துக்கு மேல் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம். தெருவிலிருந்து வரும் கேபிள்கள் ஒரு பக்கம் செங்குத்தாக முடியும், எந்திரத்திலிருந்து வருபவை மறுபக்கம் கிடைமட்டமாக முடியும். நடுவே ஜம்பர் வயர்கள், காய்ந்த வைக்கோல்போர் மாதிரி.

நீங்கள் அதே எக்ஸ்சேஞ்ச் வட்டாரத்துக்குள் வீடு மாறி, பழைய எண்ணையே கேட்டால் எந்திரத்தில் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பழைய தெருவின் ஜோடியிலிருந்து ஜம்பரைக் கழற்றிப் புதுத் தெருவின் ஜோடியில் போடுவார்கள். முடிந்தது. கழற்றியதை உருவி எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிற சோம்பல் எல்லா நாட்டிலும் உண்டு. பல சட்டகங்களில் செத்த ஜம்பர்களின் கனம் உயிருள்ளவற்றை அழுத்திக்கொண்டிருக்கும்.

★

'க்ரோன்' என்று ஒரு சொல் நம் லைன்மேன்கள் வாயில் புழங்கும். க்ரோன் மாட்யூல், க்ரோன் டூல். அது பெர்லினைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் பெயர். அவர்களுடைய இணைப்பு முறைக்கு எல்.எஸ்.ஏ. என்று பெயர். மூன்றும் மூன்று ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து: ஈயப்பற்று வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம்.

வேலை நடப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். தோலோடு இருக்கும் வயரைப் பள்ளத்தின் மேல் வைத்து, டூலை ஒரு அழுத்து அழுத்துகிறார். 'டக்'. அந்த ஒரு சத்தத்துக்குள் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. 45 டிகிரி சாய்வாக நிற்கும் இரண்டு தகடுகள் பிளாஸ்டிக் தோலைக் கிழித்துக்கொண்டு தாமிரத்தை இரு பக்கமும் கவ்வுகின்றன. டூலின் கத்தி மிச்ச நுனியை நறுக்குகிறது. அந்த நறுக்கு கீழே விழும்போது அடுத்த வயருக்குக் கை போய்விடுகிறது. தகடு சாய்வாக நிற்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வயர் உள்ளே போகும்போது அது லேசாக முறுக்கிக்கொள்கிறது, பிறகு ஸ்பிரிங் மாதிரி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்று புகவும் இடமில்லை, களிம்பு பிடிக்கவும் வழியில்லை.

டூல் கையில் இல்லாத நாளில் ஸ்க்ரூடிரைவரால் குத்துகிறவர்களும் உண்டு. அன்றைக்கு லைன் வரும். தகடு அகன்றுவிட்டதால் அடுத்த மழைக்குப் போய்விடும்.

★

காகிதம் சுற்றிய பழைய நிலத்தடிக் கேபிள்களுக்குள் எக்ஸ்சேஞ்சிலிருந்து உலர்ந்த காற்றை அடித்துக்கொண்டே இருப்பார்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் காற்று வெளியே சீறும், தண்ணீர் உள்ளே வராது. காற்றழுத்தம் குறைந்தால் கேபிளுக்குக் காயம் என்று அர்த்தம். பின்னால் வந்த பிளாஸ்டிக் கேபிளில் காற்றுக்குப் பதில் வழவழப்பான ஜெல்லி. கையில் பட்டால் சோப்புக்கும் லேசில் மசியாது.

★

கரன்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் வேலை செய்ததே, அந்த மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே இரண்டு வயரில் வந்தது. அங்கே 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாக. மொத்தம் 48 வோல்ட். சரியாகச் சொன்னால் மைனஸ் 48. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பூமியோடு சேர்த்துவிடுவார்கள்.

ஏன் இந்தத் தலைகீழ்? ஈரமண்ணில் மின்சாரம் கசிந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் அரிக்கப்படும். வயரை நெகட்டிவாக வைத்துவிட்டால், மைல் கணக்கில் புதைந்திருக்கும் தாமிரம் தப்பிக்கும். அரிப்பை எர்த் கம்பி ஏற்றுக்கொள்ளும். அதை மாற்றுவது சுலபம். பலியாட்டை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்!

48 வோல்ட் தொட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. மணி அடிக்கும்போதுதான் சங்கதி. அப்போது அதே வயரில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வரும். வயர் தோலைப் பல்லால் கடித்து உரிக்கிற பழக்கம் உள்ளவருக்கு அந்த நேரம் பார்த்து யாராவது போன் போட்டால், அந்த அழைப்பை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

★

அந்த 48 வோல்ட் செத்துப்போகவில்லை. கடை வாசலில் தொங்கும் கண்காணிப்புக் கேமராவுக்குத் தனியாகக் கரன்ட் வயர் போகாமல் லேன் கேபிளிலேயே மின்சாரம் போகிறதே, அதற்கான தரவிதி 2003-ல் வந்தது. அதில் ஸ்விட்ச் அனுப்பும் மின்னழுத்தம் 44 முதல் 57 வோல்ட். நடுவில் நிற்பது நம் எக்ஸ்சேஞ்சின் பழைய 48-ஐ ஒட்டிய அளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. மறுமுனையில் மின்சாரம் கேட்கிற கருவிதான் இருக்கிறதா என்று முதலில் மெல்லத் தட்டிப் பார்த்த பிறகே ஸ்விட்ச் கதவைத் திறக்கும்.

★

லேன் பிளக்கில் எட்டு வயர். அதில் நீல ஜோடி மட்டும் நட்டநடுவே, 4-லும் 5-லும் உட்கார்ந்திருக்கும். தொலைபேசிப் பிளக்கில் பேச்சு ஓடுவது நடு இரண்டு கம்பியில். அந்தச் சின்னப் பிளக்கை இந்தப் பெரிய துளையில் செருகினால் நடுவும் நடுவும் பொருந்தட்டும் என்று செய்த ஏற்பாடு. விருந்தாளிக்கு நடு நாற்காலி.

இதனால் ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. நடு இடத்தை நீலம் பிடித்துக்கொண்டதால், பச்சை ஜோடி பிரிந்து 3-இலும் 6-இலும் போய் நிற்க வேண்டியதாயிற்று. இது தெரியாமல் ஒரு தடவை நான் பட்ட பாடு. அலுவலகத்தில் ஒரு மேஜைக்குப் புது கேபிள் இழுத்தார்கள். ஒரு பக்கத்து ஃபைல் திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம். கேபிள் போட்ட தம்பியைக் கூப்பிட்டால், டெஸ்டரை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சார், ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் எல்லா லைட்டும் எரியுது. வேற என்ன சார் வேணும்?"

எரிந்தது உண்மைதான். பிளக்கைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக, பள்ளிப் பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல வரிசையாக நின்றன. இரண்டு முனையிலும் அதேபோல. ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு எட்டு, டெஸ்டருக்குத் திருப்தி. ஆனால் 3-உம் 6-உம் ஒரே முறுக்கில் பிறந்த ஜோடியாக இருக்க வேண்டும். இங்கே 3 பச்சையிலிருந்தும் 6 நீலத்திலிருந்தும் வந்திருந்தன. முறுக்கின் பலன் அத்தனையும் போச்சு. இரண்டு நுனியையும் நறுக்கி, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை என்று நடுவைத் திருத்திக் கிரிம்ப் அடித்த பிறகு ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. டீ குடிக்கச் சாக்கு இல்லாமல் போயிற்று.

★

கிரிம்ப் அடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. சுண்டுவிரல் நகத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளக்கைக் குறைந்தது 750 தடவை செருகி எடுக்கலாம் என்பது தரவிதி. அதற்குள் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துவிடுகிறது என்பது அனுபவ விதி.

★

மலிவாகக் கிடைக்கிறதே என்று லேன் கேபிள் வாங்கும்போது ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் அசல் தாமிரம். வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது அலுமினியம், மேலே தாமிர முலாம். கையில் தூக்கினாலே பெட்டி லேசாக இருக்கும். மின்தடை அதிகம் என்பதால், கேமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடாகும். இரண்டு தரம் மடக்கி நிமிர்த்தினால் ஒடியும்.

★

கேபிள் டிவிக்காரர் திருகும் பிளக் வேறு. குத்தி, கால் சுற்றுத் திருகினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் பி.என்.சி. வேறு. அதில் 'பி' என்பது துப்பாக்கி முனையில் கத்தி மாட்டும் முறையைக் குறிக்கும். 'என்', 'சி' இரண்டும் பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற இரு பொறியாளர்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே இந்த பி.என்.சி. பூட்டிய கேபிள் ஒரு ஜோடி போனால் போதும், ஒன்று போக, ஒன்று வர. 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். விநாடிக்கு 64,000 பிட் வீதம் 32 அறைகள். இரண்டு அறை நிர்வாகத்துக்கு, மீதி முப்பது வாடகைக்கு.

★

பழைய எக்ஸ்சேஞ்சுகளில் வயரைப் பற்றவைக்காமல், ஸ்க்ரூவும் போடாமல், சதுரக் கம்பத்தில் இறுக்கிச் சுற்றியே விட்டுவிடுவார்கள். பெல் ஆய்வகத்து முறை. வட்டக் கம்பம் உதவாது. சதுரத்தின் நான்கு மூலையும் ஒவ்வொரு சுற்றிலும் வயரைக் கடிக்க வேண்டும். ஆறேழு சுற்றுக்கு இருபத்துச் சொச்சம் கடி. பல பத்தாண்டு அசையாது.

கேபிள் கட்டுகளைக் கட்ட மெழுகு பூசிய நூல். அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளில் அதற்கென்று பெயர் வைத்த தையல் முடிச்சுகளே உண்டு. பூக்கட்டும் கைக்கு அந்த வேலை ஒரே நாளில் வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். இன்றைய பிளாஸ்டிக் டையை வெட்டிய நுனி கையைக் கீறுவதுபோல நூல் கீறாது, இழுத்துக் கட்டினாலும் வயரை நசுக்காது.

★

1975 பிப்ரவரி 27, நள்ளிரவு தாண்டிய நேரம். நியூயார்க்கின் இரண்டாவது அவென்யூவில் ஒரு தொலைபேசிக் கட்டடம். பாதாளத்தில், தெருக் கேபிள்கள் உள்ளே நுழையும் அறையில் தீப்பற்றியது. கேபிள் ஓட்டைகள் வழியாகவே மாடிக்கு மாடி ஏறியது. 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. எரிந்த எம்.டி.எஃப்-ஐ முழுவதும் புதிதாகக் கட்டி, லைன்களைத் திரும்பக் கொடுக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆனது. இந்த அளவு வேலைக்கு அது அதிசய வேகம். சேதத்தைக் கூட்டியது நெருப்பு மட்டுமல்ல, பி.வி.சி. உறை எரிந்த புகையும்தான். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அணைக்கப் போனவர்களின் நுரையீரலையும் அது விடவில்லை. இன்று சுவர் ஓட்டைகளை வயர் நுழைந்த பிறகு தீத்தடுப்புப் பசையால் அடைப்பதும், குறைந்த புகை விடும் உறை கேட்பதும் இப்படிப்பட்ட தீக்களைப் பார்த்த பிறகுதான்.

★

வீட்டுக்கு வரும் ஃபைபரின் நுனியில் பச்சைப் பிளக் இருக்கிறதா, நீலமா? நிறம் வெறும் பெயின்ட் வேலை அல்ல. பச்சையில் கண்ணாடி முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், எதிரொளி வந்த வழியே திரும்பாதபடி. நீலத்தில் முனை சாய்வில்லாமல் இருக்கும். பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், பூட்டும்கூட. ஆனால் நடுவே ஆப்பு வடிவ இடைவெளி விழுந்து வெளிச்சம் சிந்திவிடும், முனையும் கீறலாம்.

ஒளி ஓடும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான். தலைமுடியை ஏழெட்டாகப் பிளந்தால் ஒன்று. எனவே கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று அதன் எதிரில் பாறை. நெட் வரவில்லையா, சட்டை நுனியால் துடைக்காதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் துளி தூசியைவிட மோசம். உள்ளே கண்ணை வைத்துப் பார்க்கவும் வேண்டாம். 1310, 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பழுது பார்க்க வருபவர் காட்டும் சிவப்பு வெளிச்சம் வேறு, அது அவருடைய பேனா விளக்கு.

★

கம்பத்தில் சாய்த்த ஏணிக்குப் பக்கத்தில் ஃபைபர் ஒட்டுபவர் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் டிபன் பாக்ஸ் அளவு மெஷின். ஒரு குழாயில் பன்னிரண்டு இழை, பன்னிரண்டு நிறம். அவர் வாய்க்குள் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். அப்புறம் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. குழிக்குள் குனிந்திருந்த தாமிர ஜாயின்டர் சொன்ன அதே பத்து, அதே வரிசை. துணை நிறங்கள் முன்னால் வந்துவிட்டன, அவ்வளவுதான். பதினொன்று ரோஜா நிறம், பன்னிரண்டு இளநீலப் பச்சை. அந்த இரண்டுதான் புதுசு.